சிக்குக்கோலத்தில் இழை தப்பினால் சுகர் இறங்குகிறது என்று அர்த்தமா?

கோலக்காரி_பாளை | ஜனவரி 9, காலை 10.40

எல்லோருக்கும் வணக்கம். ஊர் பாளையங்கோட்டை, வயது 61. சுகர் வந்து 17 வருடம். நாலு வருடமாக ராத்திரி ஒரு இன்சுலின் ஊசியும் உண்டு. இத்தனை நாள் நீங்கள் எழுதுவதை வாசித்துவிட்டுப் போய்விடுவேன். இந்த மார்கழியில் நடந்ததைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

மார்கழி முழுக்க வாசலில் சிக்குக்கோலம்தான் போடுவேன். கலர்ப்பொடி பிடிக்காது. 15 புள்ளி, ஊடுபுள்ளி 8. ஒரே இழையாக இழுத்து, ஆரம்பித்த இடத்திலேயே வந்து முடிய வேண்டும். நாற்பது வருடமாகப் போடுகிற கை இது. போன வாரம் மூன்று நாள் தொடர்ந்து, பாதியைத் தாண்டியதும் இழை தப்பியது. புள்ளியைச் சுற்ற வேண்டிய இடத்தில் சுற்றாமல் நேராகப் போய்விடுகிறேன். முதல் நாள் தூக்கக் கலக்கம் என்று விட்டேன். இரண்டாம் நாள் அழுகை வந்துவிட்டது. மாமியாருக்குக் கடைசிக் காலத்தில் மறதி இருந்தது, அந்தப் பயம். மூன்றாம் நாள் எங்கே ஆரம்பித்தேன் என்பதே தெரியவில்லை. பால்காரர்தான் "என்னம்மா இப்படி வேர்த்து ஊத்துது" என்றார். மார்கழிக் குளிரில், காலை நாலே முக்காலுக்கு வேர்வை! உள்ளே போய்க் குத்திப் பார்த்தால் 58.

டாக்டர் 22 யூனிட்டை 18 ஆகக் குறைத்தார். அப்புறம் கோலம் ஒழுங்காக முடிகிறது. என் கேள்வி இதுதான். கை நடுக்கம் இல்லை, படபடப்பு இல்லை, பசிகூட இல்லை. கோலம்தான் முதலில் சொன்னது. உங்களில் யாருக்காவது இப்படி உண்டா? தையல், வரைதல், பாட்டு, எதுவானாலும் சரி.

இன்னொன்று. தொட்டிக் கறிவேப்பிலையில் இரண்டு புழு. முதலில் பார்த்தபோது குருவி எச்சம் மாதிரி இருந்தன, இப்போது விரல் பருமனில் பச்சையாக இருக்கின்றன. குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னால் சிவப்பாக ஒரு கவட்டைக் கொம்பு நீட்டுகிறது, கூடவே ஒரு வாடை. எடுத்து எறியச் சொல்கிறார் வீட்டுக்காரர். எறியவா?

—

ஓய்வுபெற்ற_நர்ஸ் | ஜனவரி 9, பகல் 12.15

அக்கா, உங்களுக்கு வந்தது மறதி இல்லை. ஆரம்ப வருடங்களில் சர்க்கரை இறங்கினால் உடம்பு அட்ரினலினைச் சுரந்து மணி அடிக்கும். நடுக்கம், படபடப்பு, பசி எல்லாம் அந்த மணிதான். பல வருடம் ஆன பிறகு, அதுவும் அடிக்கடி இறங்கிப் பழகியவர்களுக்கு, அந்த மணி மங்கிப்போகும். அப்போது மூளைக்குச் சர்க்கரை போதாமல் வரும் தடுமாற்றம்தான் முதல் அறிகுறியாகத் தெரியும். சிக்குக்கோலம் முழுக்க மூளை வேலை. அது முதலில் தப்பியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ரத்த அழுத்தத்துக்குச் சிலருக்குக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளும் நடுக்கத்தை மறைத்துவிடும். வேர்வை மட்டும் மறையாது. நீங்கள் அதைச் சாப்பிடுகிறீர்களா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

70க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை. மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு உட்காருங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு இட்லியோ ரொட்டியோ சாப்பிடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் விடும். கோலப்பொடி டப்பாவுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன டப்பாவில் சீனி இருக்கட்டும். மாறி எடுத்துவிடாதீர்கள்!

—

மாடித்தோட்டம்_திருச்சி | ஜனவரி 9, இரவு 8.05

எறியவே எறியாதீர்கள் அக்கா. அது கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழுவாக இருக்கும், இல்லையென்றால் எலுமிச்சை அழகி. இரண்டுமே கறிவேப்பிலையில் முட்டையிடும். எது என்று வெளியே வந்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். அந்தக் கொம்பும் வாடையும் எறும்பையும் குருவியையும் விரட்டத்தான், உங்களை ஒன்றும் செய்யாது. தாளிப்புக்குக் கொஞ்ச நாள் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சுகர் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கோலம் தெரியாது, பூவாளிதான் தெரியும். மாலையில் கீழிருந்து மாடிக்கு மண் மூட்டை தூக்குவேன். அப்போது ஒன்றும் ஆகாது. ராத்திரி இரண்டு மணிக்குத்தான் கெட்ட கனவோடு முழிப்பு வரும், பார்த்தால் 64. வேலை செய்த தசை, செலவழித்த சர்க்கரையை ரத்தத்திலிருந்து இழுத்துத் தன் கிடங்கை நிரப்பிக்கொண்டே இருக்குமாம். சில சமயம் ஒரு நாள் வரைக்கும் அது நீளும். இப்போது மூட்டை தூக்கிய நாளில் படுக்கும் முன் ஒரு தடவை பார்க்காமல் தூங்குவதில்லை.

இதற்கு நேர்மாறான கூத்து ஒன்று போன மே மாதம் நடந்தது. மாம்பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சுகர் பார்த்தேன். 386. வீட்டில் ஒப்பாரி வைக்காத குறை. மகன் ஆட்டோ பிடிக்கவே போய்விட்டான். மகள்தான் "அப்பா, கையைக் கழுவுங்க" என்றாள். சோப்புப் போட்டுக் கழுவி மறுபடி குத்தினால் 148. விரலில் இருந்த மாம்பழச் சாற்றைத்தான் அந்த மெஷின் அளந்திருக்கிறது. ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பதும் போதாது, தண்ணீர்தான் சரி.

—

நூல்கண்டு | ஜனவரி 10, காலை 6.50

கோவையிலிருந்து நான். குரோஷா பின்னுவேன். அக்காவின் கேள்விக்கு என் பதில் "ஆமாம்", ஆனால் வேறு மாதிரி. எனக்கு இறங்குவதைவிட ஏறுவதைத்தான் நூல் சொன்னது.

இரண்டு வருடம் முன்னால் கண்ணி எண்ண முடியாமல் போனது. கண்ணாடி மாற்றினேன். மூன்று வாரத்தில் அதுவும் சரியாகத் தெரியவில்லை, மறுபடி மாற்றினேன். இரண்டு ஃபிரேம் காசும் தண்டம். அப்புறம் பார்த்தால் சாப்பாட்டுக்குப் பின் 340. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணில் உள்ள லென்ஸ் ஊதி வற்றுமாம், அதனால் பார்வை அளவும் ஆடும். சுகர் கட்டுக்குள் வந்து சில வாரம் நிலையாக இருந்த பிறகு பவர் பாருங்கள் என்று எனக்கு யாரும் அப்போது சொல்லவில்லை. மருந்து சரியானதும் பழைய கண்ணாடியே பொருந்திவிட்டது. விழித்திரைப் பரிசோதனை வேறு விஷயம். அதைத் தள்ளிப்போடக் கூடாது, வருடத்துக்கு ஒரு முறை கண்ணில் சொட்டு விட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்து விரல். வலது மோதிர விரல் காலையில் மடங்கினால் மடங்கியபடியே நிற்கும், இழுத்தால் 'டக்' என்று நிமிரும். குரோஷா ஊசியைப் பிடித்துப் பிடித்துத்தான் என்று நினைத்தேன். சர்க்கரைக்காரர்களுக்கு இந்த விரல் பூட்டும், தோள்பட்டை இறுக்கமும் மற்றவர்களைவிட அதிகம் என்று டாக்டர் சொன்னார். பருமனான பிடி போட்ட ஊசிக்கு மாறியதில் பாதி சரியாயிற்று.

இந்த வருடம் ஒரு போர்வை தொடங்கியிருக்கிறேன். நாளுக்கு ஒரு வரிசை, காலை வெறும் வயிற்றுச் சர்க்கரைதான் நிறம். 80க்குக் கீழே நீலம், 80 முதல் 130 வரை பச்சை, 131 முதல் 180 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. இதுவரை ஒன்பது வரிசை. இதில் மூன்று மஞ்சள், ஜனவரி 1 சிவப்பு. கேக்.

வெட்டிய நூல் துண்டுகளை ஜன்னலில் போட்டு வைப்பேன். அவற்றைத் தையல்சிட்டு தூக்கிக்கொண்டு போகிறது. நந்தியாவட்டையில் இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்து, ஓரத்தில் துளை போட்டு நூலை நுழைத்து, வெளிப்பக்கம் நூலைப் பிரித்துப் பஞ்சாக்கி அடைத்திருக்கிறது, குமிழ் ஆணி அடித்த மாதிரி. முடிச்சே கிடையாது. என் மஞ்சள் நூல் அங்கே இருக்கிறது. அது எந்த நாளின் சுகரோ.

—

ஸ்காபரோ_அண்ணை | ஜனவரி 11, காலை 7.20

நானும் வாசலுக்கு வருகிறேன், பிள்ளையள். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து 30 வருசம். எங்கட ஆட்கள் இதைச் சலரோகம் என்று சொல்வார்கள். இன்று காலை எனக்கு 8.1. கொஞ்சம் கூடத்தான்.

—

மாடித்தோட்டம்_திருச்சி | ஜனவரி 11, காலை 7.31

அண்ணே 8.1ஆ?? உடனே சீனி போடுங்கள்! பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?

—

ஸ்காபரோ_அண்ணை | ஜனவரி 11, காலை 7.44

தம்பி, பதற வேண்டாம். கனடாவில் மில்லிமோல் கணக்கு. 18ஆல் பெருக்கினால் உங்கட மில்லிகிராம் கணக்கு வரும், கிட்டத்தட்ட 146. ஊருக்கு வரும்போதெல்லாம் என் தங்கச்சியும் இப்படித்தான் ஓடிவருவாள். சீனியைக் கேட்டதும் ஆசையாகத்தான் இருந்தது.

இன்றைக்கு ஜனவரி 11 என்பதால் ஒரு கதை. 1922இல் இதே நாள், இதே டொரன்டோவில், லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பெடியனுக்குத்தான் முதன்முதலாக இன்சுலின் ஏற்றினார்கள். அது மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த சாறு. முதல் ஊசி சரிவரவில்லை, மருந்தில் அழுக்கு அதிகம். கொலிப் என்ற வேதியியலாளர் அதைச் சுத்தப்படுத்திய பிறகு 23ஆம் தேதி திரும்பப் போட்டார்கள், அப்போது சர்க்கரை இறங்கியது. அதற்கு முன்னால் அந்த நோய் வந்த பிள்ளையளைப் பட்டினி போட்டு நாளைக் கடத்துவதுதான் வைத்தியம். நான் அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்ப்பேன்.

எனக்கு மிருதங்கம். விரல் நுனியில் குத்தினால் அன்றைக்கு 'நம்' என்ற சொல்லே வலிக்கும். நுனியின் பக்கவாட்டில் குத்தச் சொல்லி ஒரு தாதி காட்டித் தந்தார். அங்கே நரம்பு முனைகள் குறைவு. பத்து விரலையும் முறை வைத்துக் குத்துகிறேன், தாளம் போடுகிற மாதிரி.

தோட்டம் முழுக்கப் பனி. தட்டில் வைத்த சூரியகாந்தி விதைக்குச் செக்கச்செவேல் என்று ஒரு கார்டினல் வருகிறது. அணில்கள் அதைத் தின்ன விடுகிறதில்லை. ஒரு முறை இன்சுலின் பேனாவைக் காரில் மறந்து வைத்து உறைந்துபோனது. உருகினால் பார்க்க நல்லதாகத்தான் இருக்கும், ஆனால் பாவிக்கக் கூடாது. எறிந்துவிட்டேன்.

—

மூலிகைமணி | ஜனவரி 12, மாலை 4.10

எல்லோரும் ஆங்கில மருந்தையே பேசுகிறீர்கள். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று நம் முன்னோர் சொன்னார்கள். ஆவாரம்பூக் குடிநீர், சிறுகுறிஞ்சான் பொடி, காலையில் இன்சுலின் செடி இலை இரண்டு. நான் ஊசியை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. உடம்பு லேசாக இருக்கிறது.

—

ஓய்வுபெற்ற_நர்ஸ் | ஜனவரி 12, மாலை 4.52

லேசாகத்தான் இருக்கும். எடை இறங்கினால் லேசாக இருக்காதா? மூன்று மாதத்தில் எத்தனை கிலோ குறைந்தீர்கள்? மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பார்த்தீர்களா? எண்ணைப் போடுங்கள், பேசலாம்.

—

தட்டான்_அம்மா | ஜனவரி 12, இரவு 9.30

கோபத்தில்தான் எழுதுகிறேன், மன்னியுங்கள். என் மகளுக்கு 11 வயது. ஏழு வயதில் டைப் 1 வந்தது. அவள் உடம்பு இன்சுலினே சுரப்பதில்லை. இரண்டு நாள் ஊசி இல்லாவிட்டால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்து. ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரர் ஒருவர் "பாவம் பிஞ்சுக் குழந்தை, ஊசியை நிறுத்து, இலை கொடு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அவள் அன்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். இங்கே எழுதுகிறவர்கள் தயவுசெய்து யாருக்குச் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

—

மாடித்தோட்டம்_திருச்சி | ஜனவரி 12, இரவு 10.15

மணி அண்ணனோடு சண்டை வேண்டாம். ஆனால் நானும் இன்சுலின் செடி வளர்க்கிறேன், பக்கத்து வீட்டம்மா கொடுத்தது. அழகான செடி. தினமும் தின்றேன், என் எண்ணில் ஒரு மாற்றமும் இல்லை. இது என் உடம்புக் கணக்கு மட்டும். சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மணல் மாதிரி இருக்கும், அது உண்மைதான். பேத்திக்குச் செய்து காட்டினேன், பயந்து அழுதுவிட்டாள். நாக்கு இனிப்பை மறந்ததே தவிர, ரத்தம் மறக்கவில்லை.

செடியிலிருந்து மருந்து வராது என்று நான் சொல்லவில்லை. நாம் முழுங்குகிற சுகர் மாத்திரை மெட்ஃபார்மினின் கதையே ஐரோப்பாவில் காலிகா என்ற ஒரு அவரைக் குடும்பச் செடியில்தான் தொடங்குகிறது. செடியையே தின்றால் நஞ்சு. அதைப் பார்த்துப் படித்து, மாற்றிச் செய்து, 1957இல் பிரான்சில் மருந்தாகக் கொண்டுவந்தார்கள். பல்லியிலிருந்துகூட வந்திருக்கிறது. அமெரிக்கப் பாலைவனத்தில் கிலா மான்ஸ்டர் என்று ஒரு குண்டுப் பல்லி உண்டு. அதன் நஞ்சில் கண்ட பொருளைப் பார்த்து எக்செனடைடு என்ற சுகர் ஊசியைச் செய்தார்கள், அங்கே 2005இல் அனுமதி கிடைத்தது. அதற்காக நம் வீட்டு அரணையை யாரும் நக்கிப் பார்க்க வேண்டாம்.

ஆவாரையை நான் வேலியோரம் வைத்திருக்கிறேன், பட்டாம்பூச்சிக்காக. வெள்ளை, மஞ்சள் நிறத்தில் கூட்டமாகப் பறக்குமே, அவற்றின் புழுவுக்கு ஆவாரை இலைதான் சோறு. பூவை எல்லாம் பறித்துக் குடிநீர் போட்டுவிடாமல் கொஞ்சம் விட்டுவையுங்கள்.

—

தட்டான்_அம்மா | ஜனவரி 13, காலை 8.00

நேற்றுக் கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டேனோ என்னவோ. சரி, நல்ல விஷயம் ஒன்று. மகளுக்குப் படம் வரைவதுதான் உயிர். அக்டோபர் மழைக்கு முன்னால் மொட்டைமாடியில் தட்டான் கூட்டம் வந்தால் பள்ளிக்கூடமே வேண்டாம் என்பாள். சர்க்கரையை அளக்கக் கையில் ஒட்டும் சென்சாருக்கு 14 நாள் ஆயுள். ஒவ்வொரு முறையும் அதன்மேல் பேனாவால் ஒரு பூச்சி வரைந்துகொள்கிறாள். பள்ளியில் "என்னடி அது" என்று கேட்டவர்கள் இப்போது "இந்த வாட்டி என்ன பூச்சி" என்று கேட்கிறார்கள்.

செல்போனில் சர்க்கரை ஏறி இறங்கும் கோட்டை அப்படியே பார்த்து வரைந்து, அதை மலையாக்கிவிடுகிறாள். பரோட்டா தின்ற நாள் தொட்டபெட்டா. ராத்திரி அந்தக் கைமேலேயே புரண்டு படுத்தால் சென்சார் அமுங்கி, இல்லாத இறக்கத்தைக் காட்டி அலறும். அதைப் பள்ளத்தாக்கு என்று வரைந்து அடியில் ஒரு ஆறு விடுகிறாள். அலறினால் நாங்கள் விரலில் குத்திப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். ஏறும்போதும் இறங்கும்போதும் சென்சார் எப்படியும் சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும்.

அவள் ஒரு கேள்வி கேட்டாள், யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். தேன்சிட்டு நாள் முழுக்கத் தேன் குடிக்கிறதே, அதற்கு ஏன் சுகர் வருவதில்லை?

—

மாடித்தோட்டம்_திருச்சி | ஜனவரி 13, காலை 9.25

பாப்பாவிடம் சொல்லுங்கள்: பறவைகளுக்கு ரத்தத்தில் சர்க்கரை இயல்பிலேயே நம்மைவிட அதிகம். நமக்கு நோய் என்கிற அளவு அதற்குச் சாதாரணம். குடித்ததைப் பறந்து பறந்து உடனே எரித்துவிடும். என் இட்லிப்பூச் செடிக்கு வருகிற தேன்சிட்டு ஒரு இடத்தில் பத்து எண்ணும்வரை இருந்து நான் பார்த்ததில்லை.

பெரியவர்களுக்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கோடையில் மதியம் வெறுங்காலோடு மாடிக்குப் போய் இரண்டு நிமிடம் செடிக்கு நிழல்வலை கட்டினேன். சூடே தெரியவில்லை. சாயங்காலம் காலில் கொப்புளம். வலிக்காததால் மூன்று நாள் கவனிக்கவில்லை, ஆற இரண்டு மாதம் ஆனது. இப்போது எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு இல்லாமல் மாடிப்படி ஏறுவதில்லை. தினமும் ராத்திரி முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

—

கோலக்காரி_பாளை | ஜனவரி 13, பகல் 2.40

எல்லோருக்கும் நன்றி. டாக்டரிடம் கேட்டேன், நான் சாப்பிடுவது அந்த பீட்டா பிளாக்கர் இல்லையாம். கோலம் போடும் முன்னால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் இப்போது வாசலுக்குப் போகிறேன்.

புழு ஒன்றைக் காணோம், செம்போத்து தின்றிருக்கும் என்று நினைக்கிறேன். காலையில் மதில்மேல் உட்கார்ந்திருந்தது. இன்னொன்று நேற்றுத் தண்டில் தன்னை ஒரு இழையால் கட்டிக்கொண்டு கூட்டுப்புழு ஆகிவிட்டது. எறியச் சொன்னவர் இப்போது பூதக்கண்ணாடியோடு அலைகிறார்.

—

நூல்கண்டு | ஜனவரி 16, காலை 7.10

பொங்கல் வரிசை சிவப்பு. மறைக்கவில்லை. நெய், முந்திரி, எல்லாம் சேர்த்துத்தான் சிவப்பு.

—

ஸ்காபரோ_அண்ணை | ஜனவரி 16, காலை 8.02

எனக்கு 11.3. கணக்குப் போட்டுப் பாருங்கோ.

—

மூலிகைமணி | ஜனவரி 20, இரவு 7.45

நர்ஸ் அம்மாவுக்கு. எச்பிஏ1சி பார்த்தேன். 10.9 வந்திருக்கிறது. நாளைக்கு டாக்டரைப் பார்க்கப் போகிறேன். ஆவாரம்பூ குடிப்பதை நிறுத்தச் சொல்வாரா?

—

ஓய்வுபெற்ற_நர்ஸ் | ஜனவரி 20, இரவு 8.20

குடிப்பதை மறைக்காமல் சொல்லுங்கள், அவர் முடிவு செய்யட்டும். பார்த்ததும், இங்கே வந்து எழுதியதும் பெரிய காரியம். பழைய ஊசியைத் தேடி எடுத்துப் பழைய யூனிட்டை நீங்களே போட்டுக்கொள்ளாதீர்கள். குப்பி 40 யூனிட் வகையா 100 வகையா, சிரிஞ்ச் அதற்குப் பொருந்துமா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. மாறினால் அளவு இரண்டரை மடங்கு தப்பும்.

—

கோலக்காரி_பாளை | ஜனவரி 24, பகல் 11.50

இன்று வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் ரத்தம் கொடுக்க லேபுக்குப் போக வேண்டியிருந்தது. ஆறரைக்குக் கிளம்பும்போது கூடு கருத்து, உள்ளே இறக்கை நிறம் தெரிந்தது. இருந்து பார்க்கலாம் என்றால் வெறும் வயிற்றோடு எவ்வளவு நேரம் இருக்க முடியும். திரும்பி வந்தால் தண்டில் காலி ஓடுதான் தொங்குகிறது. வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காபியைக்கூட மறந்து. கருப்பு இறக்கை, பின் இறக்கையில் வெள்ளைப் புள்ளி ஒரே வரிசையாக இருந்தது என்கிறார். "நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா" என்று கேட்டேன். முறைத்தார்.

—

மாடித்தோட்டம்_திருச்சி | ஜனவரி 24, பகல் 12.30

அப்படியென்றால் கறிவேப்பிலை அழகிதான் அக்கா, பெரும்பாலும் ஆண். பெண்ணில் பல, ரோஜா அழகி என்ற வேறொரு பட்டாம்பூச்சியைப் பார்த்துக் காப்பியடித்துச் சிவப்புப் போட்டுக்கொண்டிருக்கும். ஆண் மாதிரியே இருக்கிற பெண்ணும் உண்டு, அதனால் பந்தயம் கட்டமாட்டேன்.

—

நூல்கண்டு | ஜனவரி 24, பகல் 12.41

அது இருக்கட்டும், காலையில் எவ்வளவு?

—

கோலக்காரி_பாளை | ஜனவரி 24, பகல் 12.55

112.

—

நூல்கண்டு | ஜனவரி 24, பகல் 12.57

பச்சை.